வேர் மட்டும் போதும்

வால்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தை ஒட்டிய பாடியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வளர்ந்தவன் நான். கோடை மழை விழத் தொடங்கியதும் பெரியப்பா நிழல்மரக் கவாத்துக்கு ஏறிவிடுவார். பலாவும் வாகையும் கிளை கழிந்தால்தான் காப்பிச் செடிக்கு வெளிச்சம் இறங்கும். கழித்த கிளைகளை விறகுக்கு இழுத்து வருவது எங்கள் வேலை.

ஒரு கிளையில் சாம்பல் நிற நாடாக்கள் கோணல்மாணலாகப் படர்ந்திருந்தன. பட்டையோடு பட்டையாக அப்படியொரு ஒட்டல். இலை இல்லை, தண்டு இருக்கிறதா என்று நகத்தால் நிமிண்டித் தேட வேண்டும். நான் உரிக்கப் போனேன். பெரியப்பா ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் கரைந்து பச்சை எழுந்தது.

"உசுரோட இருக்கு சாமி. அடுப்புல வச்சிராத."

கைலோஸ்கிஸ்டா என்ற ஆர்க்கிட் அது என்று கல்லூரிக்குப் போனபிறகு அறிந்தேன். 1832-லேயே தாவரவியலாளர் லிண்ட்லி அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்துவிட்டார். வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற உறையில் காய்ந்திருக்கும்போது காற்று நிறைந்திருப்பதால் வெளுத்துத் தெரிகிறது. நீர் ஏறியதும் உறை கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. இலை செய்யும் சமையலை இங்கே வேரே செய்கிறது. இதே பேரினத்தின் வேறொரு சிற்றினத்தை வைத்துச் செய்த ஆய்வு 1985-ல் வெளியானது: வேர் இரவில் கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெயிலில் அதைச் செலவழிக்கிறது. மரத்திலிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை. புல்லுருவி என்று நினைத்துச் சுரண்டி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கும்.

வெட்டுப்பட்ட கிளைத்துண்டுகளைப் பெரியப்பா வாழைநாரால் பாடி வாசல் ஆரஞ்சு மரத்தில் கட்டிவைப்பார். உச்சிவெயில் படாத பக்கம், சொரசொரப்பான பட்டை, பனி இறங்கும் உயரம் என்று அவருக்குக் கணக்கு உண்டு. சில காய்ந்து உதிர்ந்தன. பிடித்துக்கொண்டவை கோடையில் பூத்தன: வேர்க்கொத்தின் நடுவிலிருந்து தொங்கும் மெல்லிய காம்பில், விரல்நகம் அளவு வெளிர்மஞ்சள் பூக்கள், இதழெங்கும் செம்பழுப்புத் திட்டுகள். வேரிலிருந்து நேராகப் பூ வருவதுபோல் தெரிவதை நம்பாமல் பக்கத்து வீட்டு அக்கா காம்பின் அடியை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள்.

காய் வெடித்தால் விதை தூசியாகப் பறக்கும். அதற்குள் கட்டுச்சோறு கிடையாது. விழுந்த பட்டையில் அதற்கேற்ற பூஞ்சை இருந்து ஊட்டினால்தான் முளை. அதனால்தான் ஒரு பழைய பலாக்கிளை போனால் புதுக்கன்று நட்டு ஈடுகட்ட முடிவதில்லை. பல தோட்டங்களில் நாட்டு மரங்களை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைத்தார்கள். சீக்கிரம் வளரும், மிளகு ஏற்றலாம், தடிக்கு விலையும் உண்டு. பெரியப்பா மட்டும் கடைசிவரை வாகைக்காகவும் பலாவுக்காகவும் கங்காணியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.