எர்த் தேடும் வேலை

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் கார் வயரிங் பார்ப்பவர்களும் ஸ்டீரியோ மாட்டுபவர்களும் ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்கள். இரண்டிலும் மாறாமல் வரும் சொல் 'எர்த்': கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாடி இணைப்பு. வண்டிக்காரர் சொல்லும் புகாரோ எர்த்தைப் பற்றியதாகவே இருக்காது. "ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர் கூடவே விசில் அடிக்குது" என்பார். ஸ்டீரியோவையோ ஸ்பீக்கரையோ சந்தேகப்படுவார், சிலர் பேட்டரியையும். அவர் கேட்கும் மருந்து, ஆடியோ வயருக்கு நடுவே செருகும் ஒரு சின்ன ஐசோலேட்டர் பெட்டி. அந்தப் பெட்டி சத்தத்தை நிறுத்துகிறது, பழுதைத் தீர்ப்பதில்லை என்பது என் வாதம். இந்தத் தொழிலின் உண்மையான திறமை தேடுவதில் இருக்கிறது. தேடலுக்குத்தான் யாரும் காசு கொடுப்பதில்லை.

விசில் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். ஆல்டர்னேட்டர் (பழைய மெக்கானிக்குகளுக்கு இன்றும் அது டைனமோதான்) மாறுதிசை மின்சாரத்தைத் தயாரித்து, டையோடுகள் வழியாக நேர்மின்சாரமாக்குகிறது. முழுக்கச் சமமான நேர்மின்சாரமாக அது வருவதில்லை. 14 வோல்ட்டின் மேல் சிற்றலைகள் மிதக்கும். 6 ஜோடி துருவங்கள் கொண்ட வழக்கமான ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலை. என்ஜின் 800 ஆர்.பி.எம்.மில் நிற்க, பெல்ட் அதை இரண்டரை மடங்காக்கினால் விநாடிக்கு 1,200 அலைகள் வரும். 1974-இல் திறந்த இரண்டாவது காட் ரோட்டில் திருமலை ஏறும்போது கியரைக் குறைத்து 2,400-க்குப் போனால் அது 3,600. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது இந்த வட்டாரத்தில்தான். குத்துப் பாட்டு ஓடினால் விசில் அடியில் மறைந்துவிடும். 1963-இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் போல, சுருதியும் குரலும் மட்டும் நிற்கும் பாட்டில் ஒளிய இடமில்லை. இந்த ஊர் வண்டிகளில் அதிகாலையில் எது ஓடும் என்று சொல்லத் தேவையில்லை.

சிற்றலை எல்லாக் காரிலும் உண்டு. எல்லாக் காரும் விசில் அடிப்பதில்லை. ஸ்டீரியோ டாஷ்போர்டில் ஓரிடத்தில் எர்த் பிடிக்கிறது, டிக்கியில் இருக்கும் ஆம்ப் வேறோரிடத்தில். பாடி முழுக்க இரும்புதானே, எங்கே பிடித்தால் என்ன என்று தோன்றும். ஆனால் பெயிண்டின் மேலேயே முறுக்கிய ஒரு ஸ்க்ரூவில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும்: 20 ஆம்பியர் ஓடும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே 0.2 வோல்ட் வித்தியாசம் நிற்கும். ஸ்டீரியோவின் ஆடியோ பின்னிலிருந்து உச்ச சத்தத்திலேயே 2 முதல் 4 வோல்ட்தான் வருகிறது. மெல்லிய இடங்களில் அதில் ஒரு துளி. அந்த வித்தியாசத்தால் ஆடியோ வயரின் மேலுறை வழியாகக் கரண்ட் ஓட, சிற்றலை பாட்டோடு கலந்து ஆம்பில் பெருகுகிறது. ஆகவே நல்ல வேலைக்காரர் ஆம்பிலிருந்து ஆடியோ பின்னைப் பிடுங்கிப் பார்க்கிறார். சத்தம் நின்றால், சார்ஜரில் மாட்டாத செல்போனை அதே வயரில் கொடுத்துப் பாடவிடுகிறார். அப்போதும் விசில் இல்லை என்றால் குற்றம் இரண்டு எர்த்துக்கும் நடுவில். பிறகு மீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த்திலும் மறு முனையை பேட்டரி மைனஸிலும் வைத்து, பாட்டு ஓட ஓட வோல்ட் பார்க்கிறார். இங்கே ஓம் அளப்பது வீண், இவ்வளவு சின்னத் தடை சாதாரண மீட்டரில் தெரியாது. கடைசியில் உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் லக்கை இறுக்குகிறார், எர்த் வயரை அரை மீட்டருக்குள் முடிக்கிறார், மேலே துருப் பிடிக்காமல் பெயிண்ட் பூசுகிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அரை மணி நேரம் என்பது ஒரு சவாரி. பெட்டி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நியாயம்தான். பெட்டிக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஆடியோ உறை வழியான பாதையை அறுப்பதும் உண்மை. ஆனால் மலிவான டிரான்ஸ்ஃபார்மர் அடித்தொனியைத் தின்றுவிடும். ஆம்பின் மோசமான எர்த்தும் அப்படியே இருக்கும், சூடாகும், ஊஃபர் அதிரும்போது ஆம்ப் அணைந்து அணைந்து எரியும். இரண்டாவது, சில சமயம் ஆல்டர்னேட்டரே கெட்டிருக்கலாமே? இருக்கலாம். பேட்டரி முனைகளில் ஏ.சி. வோல்ட் அளந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் டையோடு போயிருக்கிறது. அதற்கு எர்த் வைத்தியம் பலிக்காது. மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது: புது வண்டியின் பாடியைச் சுரண்டலாமா, வாரண்டி என்னாகும்? கம்பெனியே வைத்த எர்த் போல்ட்டைப் பயன்படுத்துவதே இதற்கு விடை. நேராக பேட்டரி மைனஸ் முனையில் மாட்டிவிடுகிற குறுக்குவழி, ஐடில் ஸ்டாப் உள்ள வண்டிகளில் கூடாது. அங்கே மைனஸ் முனையிலேயே கரண்ட்டை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி இழுத்த கரண்ட் அதன் கணக்கில் வராது.

திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி தயாரிக்கிறது. பேட்டரியைப் பற்றிப் பேச ஆளில்லாத ஊரல்ல இது. இருந்தும் பிளஸ் வயருக்குத் தடிமன், ஃபியூஸ், உறை என்று எல்லா மரியாதையும் கிடைக்க, மைனஸுக்கு ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூ. போன அதே கரண்ட்தானே திரும்பியும் வர வேண்டும்! கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. பெட்டிக்கு அட்டையில் விலை அச்சாகியிருக்கிறது. அரை மணி நேரம் டிக்கிக்குள் குனிந்து கிடந்ததற்கு என்ன விலை என்று கேட்டால், "ஒரு ஸ்க்ரூ முறுக்கினதுக்கா?" என்று பதில் வருகிறது. சோதனைக் கூலி என்று தனியாக ஒரு தொகையை முதலிலேயே பேசிவிடும் பழக்கம் வந்தால் பெட்டி விற்பனை தானாகக் குறையும் என்று நினைக்கிறேன். எல்லா வண்டிக்கும் அந்தக் கூலி தேவைப்படாது. செல்போன் சார்ஜரிலும் ஆக்ஸ் வயரிலும் ஒரே நேரத்தில் மாட்டியிருந்தால் அதுவே ஒரு எர்த் வளையம். சார்ஜர் வயரைப் பிடுங்கியதும் விசில் நின்றுவிட்டால் டிக்கியைத் திறக்கவே வேண்டாம்.