முதல் பட்டதாரி

மறைமலை நகரில் மே மாதம் எனக்கு விண்ணப்பங்களின் மாதம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் சான்றிதழ்களோடு பங்கு இல்லத்தில் கூடுவர். பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகவிருப்பவர்கள். அதற்கான சான்றிதழ் இருந்தால் கலந்தாய்வு வழிப் பொறியியல் சேருவோருக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் வந்தது. 2022இல் ‘நான் முதல்வன்’ வழிகாட்டுதலும், மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டமும் தொடங்கின.

பிள்ளைகள் இவற்றை அறிவர். அறியாதவர்கள் பெற்றோரே. ஒரு தந்தை கேட்டார்: “சாமி, பன்னிரண்டு முடிச்ச பொண்ணை ஒரகடத்துக் கம்பெனியில இப்பவே எடுத்துக்கிறாங்க. நாலு வருசப் படிப்பு எதுக்கு?” 2022இல் இங்கே ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியதை நினைவூட்டினேன். “படிச்சவங்களுக்கும்தானே சாமி வேலை போச்சு?” என்றார். நியாயமான கேள்வி. கடன் உள்ள வீட்டில் ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு ஈடாகாது. அதை மறைத்துப் பேசுவது வழிகாட்டல் அன்று.

ஆகவே பெற்றோரையும் அமர்த்திக் கணக்கிடுகிறோம்: பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம், வீட்டுக்கு வராமற்போகும் வருமானம். எட்டாம் வகுப்பில் இங்கு வந்து சேர்ந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளோ அந்த ‘ஆறு முதல்’ விதியால் வெளியே நிற்கின்றனர். அவர்கள் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.

அந்தத் தந்தையின் கணக்கை மகளே எழுதினாள். நெடுநேரம் தாளைப் பார்த்திருந்தவர், “கலந்தாய்வு எந்தத் தேதி, சாமி?” என்றார்.