சிறிய பேழையும் சேமித்த உழைப்பும்

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்பெறும் விளையாட்டுப் பொறியினை இக்காலச் சிறுவர் 'வீடியோ கேம் கன்சோல்' என வழங்குவர். ஆண்டுதோறும் புதுப்புது அழகுகளைப் பெற்று வளர்ந்த அப்பொறியை ஒரு குறை மட்டும் விட்டு நீங்கியதே இல்லை. அஃதாவது இடம் போதாமை. ஆட்டங்களையும், ஆடுவோன் ஈட்டிய நிலையையும் ஏற்று வைக்கும் நினைவகம் என்றும் அளவுபட்டதாகவே இருந்து வருகிறது. அவ்வளவுக்குள் எதனை வைப்பது, எதனை நீக்குவது என்னும் வினா முதலில் ஆட்டத்தைப் படைத்தோரை வருத்திற்று. பின்னர் ஆடுவோரையும் வருத்தத் தொடங்கிற்று.

ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் பொறியை வெளியிட்டது. அதற்குரிய ஆட்டங்கள் கேட்ரிட்ஜ் எனப்படும் சிறு பெட்டிகளில் அடங்கி வந்தன. 1985இல் வந்து உலகெங்கும் புகழ்பெற்ற 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட் அளவினுள் அமைந்தது. இப்பாடத்தை ஒத்த பாடங்கள் இரண்டினை இன்றைய ஒருங்குறி முறையில் கணினியில் பதித்தால், அவற்றின் எழுத்துக்களே ஏறத்தாழ அவ்வளவு இடத்தை நிரப்பிவிடும். அச்சிறு அளவுக்குள் 32 ஆடுகளங்களும், ஓவியமும், இசையும் அடங்கியது எவ்வாறு? ஓவியங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கொண்டமையே ஒரு வழி. அவ்வாட்டத்தில் வானில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே வடிவமே. வெண்மை தீட்டினால் மேகம், பசுமை தீட்டினால் புதர். ஆடியவருட் பலர் இதனைப் பல்லாண்டு கழித்தே கண்டறிந்து வியந்தனர். வறுமையை மறைக்கத் தெரிந்த வறுமை இது எனலாம்.

1986இல் யூஜி ஹோரி என்பார் வடித்த 'டிராகன் குவெஸ்ட்' 64 கிலோபைட் அளவினது. நெடுங்கதையாகச் செல்லும் அவ்வாட்டத்தில் சொற்கள் மிகுதி. ஜப்பானியர் தம் மொழியை எழுதும் எழுத்து வரிசைகளுள் பிறநாட்டுச் சொற்களை எழுதுதற்குரியது கதகானா. அவ்வரிசை முழுவதற்கும் இடமின்மையால் 20 எழுத்துக்களை மட்டும் வைத்துக்கொண்டு, அசுரர்களின் பெயரும் மந்திரங்களின் பெயரும் அவ்விருபதுக்குள் அடங்குமாறு அமைத்தனர். பொருளுக்கேற்பப் பெயர் வைப்பது உலக இயல்பு. ஈண்டு இடத்துக்கேற்பப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் பெருந்துன்பம் வேறொன்று. அவ்வாட்டம் ஒரே நாளில் முடிவதன்று. அன்றன்று ஈட்டிய நிலையைக் குறித்துவைக்கவோ அப்பெட்டியில் இடமில்லை. எனவே, ஆடுவோன் அடைந்த நிலையை 20 எழுத்துக்கள் கொண்ட ஒரு தொடராக மாற்றிப் பொறி காட்டிற்று. 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' என்பது அதன் பெயர். சிறுவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, மறுநாள் அவ்வாறே பதிக்க, ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். 1987இல் வந்த இரண்டாம் பகுதியில் அம்மந்திரம் 52 எழுத்துவரை நீண்டது. பொருளற்ற 52 எழுத்துக்கள்! ஓரெழுத்து மாறினும் பொறி ஏற்காது. ஜப்பானிய எழுத்துக்களுட் சில உருவத்தால் மிக நெருங்கியவை. சில, பக்கத்தில் இடும் சிறு குறியால் மட்டுமே வேறுபடுவன. புள்ளியின்றி எழுதப்பட்ட ஓலைச்சுவடியைப் படித்தறிய முயன்ற தமிழறிஞர் இவ்விடரை நன்கு உணர்வர். ஆனால் அவருக்குப் பொருளும் யாப்பும் துணை நின்றன. இச்சிறுவர்க்கு அத்துணையும் இல்லை. எழுத்தொன்று பிறழப் பல நாள் உழைப்பும் பாழாயிற்று.

1988இல் வந்த மூன்றாம் பகுதி, சிறு மின்கலத்தின் துணையால் நிலையைத் தன்னுள்ளேயே காத்தது. அப்பகுதியில் ஆட்டத்தின் பரப்பு பெருகவே, தொடக்கத்தில் வரவேண்டிய அழகிய முகப்பையும் இசையையும் நீக்கி, கருந்திரையில் பெயரை மட்டும் காட்டினர். வாசற் கோலத்தை விடுத்து அடுக்களையைப் பெரிதாக்கிய செயல் அது; தக்க முடிவே என்க. ஆயினும் மின்கலம் தளர்ந்தாலோ, பொறியை முறைதவறி நிறுத்தினாலோ, சேமித்த ஏடு அழிந்துவிட்டது என்னும் செய்தி அச்சுறுத்தும் இசையோடு திரையில் தோன்றும். அவ்விசையை நினைந்து இன்றும் நடுங்கும் நடுவயதினர் ஜப்பானில் உளர்.

1994இல் சோனி நிறுவனம் வெளியிட்ட 'பிளேஸ்டேஷன்' ஆட்டங்களைக் குறுந்தகட்டில் தந்தது. சேமிப்புக்கு மட்டும் 'மெமரி கார்டு' என்னும் தனி அட்டை. அதன் கொள்ளளவு 128 கிலோபைட். பயன்கொள்ளத்தக்க அறைகள் 15. ஓர் ஆட்டத்திற்கு ஓரறை போதும். மற்றொன்று பல அறைகளைக் கேட்கும். ஒரே அட்டையைப் பகிர்ந்த அண்ணன் தம்பியரிடையே பூசல் மூண்டது இங்கேதான். அறைகள் நிரம்பியபின் ஒருவன் புதிதாகச் சேமிக்க வேண்டுமாயின் மற்றொருவனது சேமிப்பு அழிய வேண்டும். முடித்த ஆட்டமாயினும், அதன் சேமிப்பை அழிக்க எளிதில் மனம் வருவதில்லை. ஆறு திங்கள் ஆடியதன் அடையாளம் அஃதொன்றே அன்றோ!

இன்று அளவுகள் மலைபோல் வளர்ந்துள்ளன, இடமோ போதவில்லை. 2017இல் வந்த 'நின்டெண்டோ ஸ்விட்ச்' 32 ஜிகாபைட் கொண்டது. 2020இல் வந்த 'பிளேஸ்டேஷன் 5' 825 ஜிகாபைட் உடையதாயினும், அது வெளிவந்த காலத்தில் ஆடுவோர்க்கு எஞ்சியது ஏறத்தாழ 667 தான். ஓர் ஆட்டமே 100 ஜிகாபைட்டைக் கடக்கும் காலம் இது. ஆகவே புதிய ஆட்டம் ஒன்று வரும்போது பழையது ஒன்று வெளியேற வேண்டியதாகிறது. இவ்விடத்தே ஆடுவோர் பகுத்துணர வேண்டிய வேறுபாடு ஒன்று உளது. ஆட்டம் வேறு, சேமிப்பு வேறு. ஆட்டம் பேருருவினது, ஆனால் விலை கொடுத்தவன் அதனை இணையக் கடையிலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். சேமிப்போ பெரும்பாலும் மிகச் சிறியது. அழிந்தால் அதனை எக்கடையிலும் வாங்க இயலாது. அதனை அழிப்பதால் கிடைக்கும் இடமும் பொருட்படுத்தத் தக்கதன்று. இவ்விரு பொறிகளிலும் ஆட்டத்தை மட்டும் நீக்கினால் சேமிப்பு நீங்குவதில்லை. சேமிப்பை அழித்தற்குத் தனிக் கட்டளை உளது. அவசரத்தில் அக்கட்டளையை அழுத்துவோரே பின்னர் வருந்துவர்.

ஸ்விட்ச் பொறியில் சிறு அட்டையைச் செருகி இடத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் அதிற் செல்வன ஆட்டங்களே. சேமிப்பு பொறியின் உள்ளேயே தங்கும். அட்டையைக் கழற்றி வேறொரு பொறியில் இட்டுத் தன் உழைப்பைத் தேடுபவன் அதனைக் காணான். ஆட்டத்தை முழுதும் நீக்காமல் அதன் சிறு படத்தை மட்டும் முகப்பில் நிறுத்திவைக்கும் வசதியும் அப்பொறியில் உண்டு. திங்கள் பல கழித்துச் சிறுவன் அப்படத்தைத் தொட, ஆட்டம் மீண்டும் வந்து இறங்குகிறது. அன்று அவன் நிறுத்திய இடத்திலேயே வீரன் வாளோடு நின்றுகொண்டிருக்கிறான்.