பள்ளிக்கரணை: தண்ணீர் வந்து தங்கும் இடம்

சென்னை ஏர்போர்ட்டில் இறங்கி ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற நம்மில் பலரும் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் சாலையில்தான் போவோம். பாதித் தூரம் போனதும் இரண்டு பக்கமும் கட்டடங்கள் விலகிவிடும். வானம் திடீரென்று பெரிசாகத் தெரியும். கோரைப்புல், தண்ணீர், நடுநடுவே வெள்ளைப் புள்ளிகளாகப் பறவைகள். கூடவே, காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து, மூடிய கார் கண்ணாடியையும் தாண்டி வரும் குப்பை நாற்றம். "சிட்டிக்குள்ள இவ்வளவு காலி இடமா?" என்று முதல் முறை பார்க்கிற எல்லோரும் கேட்பார்கள். அது காலி இடமில்லை. அதுதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பழைய பேச்சு வழக்கில் கழுவெளி.

இந்த முறை லீவில் ஒரு காலையை இதற்கென்றே ஒதுக்கினோம். காரணம் பறவைகள் மட்டும் இல்லை. என் அப்பா அம்மா வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது. ஃபிரிட்ஜும் அப்பாவின் மருந்துப் பெட்டியும் மிதந்தன. நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு, எடுக்காத போனைத் திரும்பத் திரும்ப அடித்த அந்த இரண்டு ராத்திரிகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஊரில் பெரியவர்கள் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

அதனால் அவர்களுக்கு மேல்மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கிக் கொடுக்க நானும் கணவரும் பணம் சேர்த்து வைத்திருந்தோம். புரோக்கர் அனுப்பிய விளம்பரத்தில் "பால்கனியில் இருந்தே இயற்கையான நீர்நிலைக் காட்சி" என்று இருந்தது. ஏழாவது மாடி, நல்ல விலை, லீவு முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அந்த நீர்நிலை எது, அதில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

எங்களோடு சித்தப்பா மகளும் வந்தாள். பி.காம். முதல் வருஷம். இந்தியாவில் எந்தப் பட்டம் படித்தாலும் சுற்றுச்சூழல் கல்வி ஒரு கட்டாயப் பாடம்; உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்தது. "அக்கா, ஈ.வி.எஸ்.னா எல்லாரும் முந்தின நாள் ராத்திரி படிச்சு பாஸ் பண்ற பேப்பர்" என்றாள். புத்தகத்தில் சதுப்பு நிலத்துக்கு அரைப் பக்கம் இருந்தது. அந்த அரைப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனோம்.

காலை ஆறரை மணிக்குப் போனால் வெயிலும் டிராஃபிக்கும் இருக்காது. வனத்துறை ஒரு சூழலியல் பூங்கா அமைத்திருக்கிறது. நடைபாதையில் நின்று பார்க்கலாம். சாலையோரத்திலிருந்தும் நன்றாகவே தெரியும். பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். கூழைக்கடாக்கள் கப்பல் மாதிரி மெதுவாக மிதந்தன. நீலத் தாழைக்கோழிகள் கோரைக்குள் நுழைந்து நுழைந்து வந்தன. நெடுங்கால் உள்ளான்கள் ரோஸ் நிறக் குச்சிக் கால்களோடு நடந்தன. தூரத்தில் ஒரு பூநாரைக் கூட்டம். பத்து வயது மகன் எண்ண ஆரம்பித்து, இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் குளிர்காலத்துக்கு வரும் வலசைப் பறவைகளும் இருக்கும். பொங்கல் லீவு சரியான நேரம்.

பறவைகளைப் பார்த்த பிறகு, நிலத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தென்சென்னை கிட்டத்தட்ட தட்டை. தாம்பரம், சேலையூர் பக்கம் கொஞ்சம் மேடு. கடல் பக்கம் போகப் போகத் தாழ்வு. இந்தச் சரிவில் நம் முன்னோர்கள் ஏரிகளைச் சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒரு வரிசை. இப்படிப் பல வரிசைகள். எல்லாம் கடைசியில் வந்து சேரும் தட்டுதான் பள்ளிக்கரணை. இங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற ஒரே முக்கிய வாய்க்கால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் முகத்துவாரம் தண்ணீரைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளாது. அதுவரை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும். சதுப்பு செய்யும் வேலை அதுதான். எங்கள் தொழிலில் இதை பஃபர் என்போம். உள்ளே வரும் வேகத்துக்கு வெளியே அனுப்ப முடியாதபோது, நடுவில் தாங்கிப் பிடிக்கும் இடம். பஃபரைக் குறைத்தால் சாதாரண நாளில் எதுவும் தெரியாது. கூட்டம் வரும் நாளில்தான் எல்லாம் உடையும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அது அப்படி ஒரு நாள்.

மகனோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். உங்கள் பிள்ளைகளோடும் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். அதில் ஒரு அடி உயரம் தண்ணீர் நின்றால் சுமார் 30 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 250 லாரி. ஒரே ஒரு ஏக்கரை மண் கொட்டி மேடாக்கினால்கூட, அடிக்கு நூறு லாரித் தண்ணீர் வேறு இடம் தேட வேண்டும். அந்த வேறு இடம் பக்கத்துத் தெரு. சில சமயம் தாத்தா வீடு.

இந்தச் சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது என்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது அதில் சிறு பங்குதான். அரசு ஆவணங்களில் வெகுகாலம் இதைப் பயனற்ற நிலம் என்றே பார்த்தார்கள். அதனால் எல்லாமே இங்கே வந்தன. 1980-களிலிருந்து பெருங்குடி குப்பைக் கிடங்கு, பறக்கும் ரயில் பாதை, நாங்கள் வந்த அதே ரேடியல் சாலை, ஐ.டி. வளாகங்கள், அடுக்குமாடிகள். கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலை மின்சாரத்துக்கும் ஆன தேசிய நிறுவனங்களும் இங்கேதான் இருக்கின்றன. மாஸ்டர்ஸ் படிக்க அமெரிக்கா போவதற்கு முன் நான் வேலை பார்த்த ஆபீசும் பெருங்குடிதான்.

நல்ல செய்தியும் உண்டு. 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் 1,247 ஹெக்டேர் ராம்சர் தளமானது. ஈரானில் ராம்சர் என்ற ஊரில் 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி ஈரநிலங்களைக் காக்க ஒரு உலக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பட்டியலில் இப்போது நம்ம பள்ளிக்கரணையும் இருக்கிறது. குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கலாம். பழைய குப்பையைத் தோண்டி, பிரித்து, அகற்றி, நிலத்தை மீட்கும் பயோமைனிங் வேலையும் அங்கே நடக்கிறது.

தங்கை புத்தகத்தைத் திறந்து, "சூழல் சேவைகள் நாலு வகை" என்று ஒப்பித்தாள். உணவும் பொருளும் தருவது, வெள்ளம் மாதிரியானவற்றை ஒழுங்குபடுத்துவது, மனசுக்கும் பண்பாட்டுக்கும் தருவது, இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக மண்ணையும் சத்துச் சுழற்சியையும் தாங்குவது. பிறகு அவளே எதிரே பார்த்து எண்ணினாள். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் பிடித்த மீனும் அறுத்த கோரையும் முதலாவது. மழைநீரைப் பிடித்து மெதுவாக நிலத்தடிக்கு விடுவது இரண்டாவது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நின்ற அதே ஊர்தான் மழைக்காலத்தில் மூழ்குகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தம்பி எண்ணிய பூநாரை மூன்றாவது. காலுக்குக் கீழே கரும்சேற்றில் அழுகிய இலையைச் சத்தாக மாற்றும் நுண்ணுயிர்கள் நாலாவது. "இப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா மனப்பாடமே பண்ண வேணாம்க்கா" என்றாள்.

என் கணவர் நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவர். "இது நம்ம மெடோலேண்ட்ஸ் மாதிரியே இருக்கே" என்றார். டர்ன்பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். நியூயார்க் நகரத்துக்கு எதிரே ஹாக்கன்சாக் ஆற்றோரச் சதுப்பு. அங்கேயும் பல பத்தாண்டுகள் குப்பை கொட்டினார்கள். நெடுஞ்சாலையும் ஸ்டேடியமும் கட்டினார்கள். 2012-இல் சாண்டி புயல் வந்தபோது லிட்டில் ஃபெரி, மூனாக்கி ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. இன்றைக்கு லிண்ட்ஹர்ஸ்ட்டில் பழைய குப்பை மேட்டின் பக்கத்திலேயே டிகோர்ட் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகள் பறவை பார்க்கிறார்கள். ஆகவே பிள்ளைகளிடம் "இந்தியாவில்தான் இப்படி" என்று சொல்ல வேண்டாம். தண்ணீருக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் பேசினேன். "நீ வாங்கலன்னா இன்னொருத்தன் வாங்கப் போறான். கட்டடம் நின்னுடுமா?" என்றார். நியாயமான கேள்வி. இந்தத் தரைத்தளத்தை விற்றாலும் அடுத்து வருகிறவர் வீட்டுக்குள்தான் தண்ணீர் வரும். ஆனால் ஏழாவது மாடியில் இருந்தால் மட்டும் போதாது. கீழே தண்ணீர் நின்றால் லிஃப்ட் ஓடாது, கரண்ட் இருக்காது. அம்மாவின் முழங்காலுக்கு ஏழு மாடி ஏறி இறங்க முடியாது. ஆம்புலன்ஸும் வாசல் வரை வராது. அந்தக் காட்சியை விற்கும் கட்டடம் அந்தக் காட்சி செய்ய வேண்டிய வேலையைத்தான் குறைக்கிறது. எங்கள் பணம் அதற்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இந்தப் பக்கம் வீடு வாங்க யோசிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தூரத்திலிருந்து பணம் அனுப்புகிற நாம் பெரும்பாலும் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்போம், நிலத்தைப் பார்ப்பதில்லை. புல எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிராமக் கணக்கில், அ-பதிவேட்டில், அந்த இடத்தின் வகைப்பாடு என்னவென்று பாருங்கள். ஏரி, கழுவெளி, நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பட்டா நிலமாகவே இருந்தாலும் பழைய செயற்கைக்கோள் படத்தில் இருபது வருஷம் பின்னால் போய்ப் பாருங்கள். பக்கத்து டீக்கடையில், "2015-லயும் 2023-லயும் இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேளுங்கள். அதைவிட நேரான பதில் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. முடிந்தால் நவம்பரில் மழை பெய்யும் ஒரு நாளில் யாரையாவது போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

அப்பா இன்னும் வேளச்சேரியில்தான் இருக்கிறார். நாற்பது வருஷப் பழக்கம், கோயில், நண்பர்கள், தெரிந்த மருந்துக் கடை. இவற்றை விட்டு மேட்டுப் பக்கம் வாடகைக்குப் போக மனசு வரவில்லை. அந்தப் பேச்சு வாரா வாரம் தொடர்கிறது. இப்போதைக்கு அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு போர்ஷனை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அப்பா அதற்கு "மழைக்கால வீடு" என்று பெயர் வைத்துவிட்டார். தங்கை ஈ.வி.எஸ். பேப்பரில் பாஸ். புராஜெக்ட்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, அவர்கள் தெருவின் மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்பது.