சீதன வீட்டுக்குக் குடி வைத்தல்

மட்டக்களப்பில் வாடகைக்கு வருகிற வீடு பல நேரம் ஒரு பெண்பிள்ளையின் வீடு. மகளுக்கென்று தாய் தகப்பன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டியது. கல்யாணம் ஆகும்வரை பூட்டிக் கிடந்தால் பழுதாகும் என்று குடி வைக்கிறார்கள். கோட்டைமுனை, தாண்டவன்வெளி, கல்லடி என்று சொந்தக்காரருக்கும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் நான் பார்த்துக் கொடுத்துவருவது அநேகமாக இப்படியான சீதன வீடுகளைத்தான். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் "வாடகை எவ்வளவு கேட்கலாம்?" என்று தொடங்குவார்கள். வீட்டை எப்போது, எந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேணும் என்பதை முதலில் கேட்டுக்கொள். வாடகையை அதற்குப் பிறகு பேசலாம்.

எனக்கு வீடு பார்க்கக் காட்டித் தந்தவர் ஒரு மேசன். 1978 சூறாவளி கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனபின் இந்த ஊர் வீடுகளைத் திரும்ப எழுப்பிய கைகளில் அவருடையதும் ஒன்று. "மனே, ஊட்டுக்குள்ள போறதுக்கு முதல் தண்ணி எங்கால போகுதெண்டு பாரு" என்பார். வளவைச் சுற்றி வந்த பிறகுதான் படி ஏறுவார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறும் இடத்தில் நிற்பார். அங்கே பூச்சு கல்லை விட்டிருக்கும். சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால், கடல் மணலைக் கலந்து பூசியிருக்கிறார்கள் என்பார். அதன்மேல் எந்தப் பெயின்ற் அடித்தாலும் உரியும். கல் தெரியும்வரை பூச்சை உடைத்து, ஆற்று மணலில் பூசி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் நன்றாகக் காயவிட வேணும். மாரி தொடங்கிவிட்டால் எவ்வளவு கூலி தந்தாலும் வெளிச்சுவரில் அவர் பிரஷ் வைக்க மாட்டார். அந்தப் பிடிவாதத்தை அவரிடமிருந்து நானும் எடுத்துக்கொண்டேன்.

கிணற்றையும் அவர்தான் சொல்லித் தந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற இந்த மணல் நிலத்தில், நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. பெரிய மோட்டர் பூட்டி ஒரே மூச்சில் இறைத்தால் கீழிருக்கிற உப்பு மேலே ஏறும். அது திரும்ப இறங்க ஒரு நல்ல மாரி வேணும். ஆகவே மோட்டர் அளவை உடன்படிக்கையிலேயே எழுதுகிறேன்.

2011 ஜனவரி வெள்ளம் எந்தச் சுவரில் எந்த உயரத்துக்கு வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வை. பிளக் போயிண்டுகளை அதற்கு மேலே ஏற்று. வருகிறவருக்கும் அந்த உயரத்தை மறைக்காமல் காட்டு. வெள்ளம் வந்தால் முகத்துவாரம் வெட்டும்வரை வாவி இறங்காது என்பதை, வெளி மாவட்டத்திலிருந்து போதனா வைத்தியசாலைக்கோ கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ மாற்றலாகி வருகிறவர் அறிந்திருக்க மாட்டார்.

2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின, வாடகை ஏறியது. அந்த வாடகையை நம்பிக் கடன்பட்டு மேல்மாடி எழுப்பியவர்கள், நிறுவனங்கள் போன பின் பட்ட பாட்டைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். உள்ளூர்ச் சம்பளக்காரர் மாதம் தவறாமல் கட்டக்கூடிய தொகையைத்தான் நான் கேட்கச் சொல்வேன்.

எழுத்து வேலையில் சோம்பல் கூடாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேணும். முத்திரை ஒட்டி இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடதாசியை நம்பி இருக்கிறவர்கள் இன்றைக்கும் பலர். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குள் வருகிற வீடென்றால், அதில் சொன்ன காரணம் இல்லாமல் குடியிருப்பவரை எழுப்ப முடியாது. பழைய வீடுகளுக்கு முதலே சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள். வாடகை பிந்தியது என்று பூட்டை மாற்றினார் ஒருவர். குடியிருந்தவர் பொலிசுக்குப் போனார். நீதவான் அவரையே திரும்ப உள்ளே விட்டார். வாடகை நிலுவை அப்படியே நின்றது, வழக்குச் செலவு மேலதிகம்.

திருத்த வேலையை யார் செய்வது என்பதுதான் அடிக்கடி வரும் பிணக்கு. கூரை, கிணறு, மதில், வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. பல்ப், குழாய் வாசர், பூட்டு குடியிருப்பவர் பொறுப்பு என்று நான் எழுதுகிறேன். ஒழுகுகிறது என்று போன் வந்தால் அன்றைக்கே போவேன். ஒரு ஓடு விலகிய இடத்தால் இறங்கும் தண்ணீர் ஒரு மாரிக்குள் சிலாகையை உக்க வைத்துவிடும். கனடாவிலிருந்து பதிலும் பணமும் வரும்வரை மழை காத்திருக்காது. அதனால் ஒரு மாத வாடகையைத் திருத்தச் செலவுக்கென்று என் கையில் வைத்திருக்க முதலிலேயே சம்மதம் வாங்குகிறேன். சம்மதிக்காதவருடைய வீட்டை நான் பொறுப்பெடுப்பதில்லை.