யாருடைய விடியற்காலை?

2025ஆம் ஆண்டு போகிக்கு முந்தைய வாரம், வெள்ளையடிப்பதற்காகப் பரணில் இருந்தவற்றையெல்லாம் இறக்கியபோது, பழைய சாக்குப்பை ஒன்றில் வங்கி டைரிகள் பதின்மூன்று கிடைத்தன. 2012 முதல் 2024 வரை, ஆண்டுக்கு ஒன்று.

எங்களில் ஒருவர் பொதுத்துறை வங்கியொன்றில் அதிகாரி; மற்றவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. திருமணத்திற்கு அடுத்து வந்த தை மாதத்திலிருந்தே, பொங்கலன்று பிற்பகல், உண்ட மயக்கத்தில் வீடு உறங்கும் வேளையில், அவ்வாண்டுக்குரிய குறிக்கோள்களை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். பேனாவைப் பிடித்தவர் எவராயினும் எழுவாய் எப்போதும் ‘நாங்கள்’தான். இக்கட்டுரையையும் அவ்வாறே எழுதுகிறோம். ஆனால் அந்தச் சொல்லின் மீது எங்களுக்கிருந்த நம்பிக்கை இப்போது சற்றுக் குறைந்திருக்கிறது. அது ஏன் என்று சொல்வதே இங்கு நோக்கம்.

பதின்மூன்று முதல் பக்கங்களையும் அன்றிரவு வரிசையாகப் படித்தோம். முதலில் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு, சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு, பதவி உயர்வு, வீட்டுக் கடன், மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்தல் என்று ஒவ்வொன்றின் அருகிலும் சிவப்பு மையில் ‘டிக்’ இருந்தது. உறையூரில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் தொடங்கிய இருவருக்கு இது குறைவான கணக்கு அன்று.

ஒரு வரி மட்டும் ஆண்டுக்காண்டு வேறு வடிவில் வந்துகொண்டே இருந்தது. 2016இல் ‘முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தல்’: டிக். 2017இல் ‘ஆய்வேட்டின் முதல் மூன்று இயல்கள்’. 2018இல் ‘முதல் இயல்’. 2020இல் ‘ஆய்வேடு’ என்ற ஒற்றைச் சொல். 2022இல் ‘கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்தல்’. அதற்கு மட்டும் ஒரு டிக். 2024இல் அந்த வரியே இல்லை. மறந்துவிட்டோமா, எழுதக் கூசினோமா என்பது இருவருக்குமே நினைவில்லை.

ஆய்வின் பொருள் லால்குடி வட்டாரத் தாலாட்டுப் பாடல்கள். பதிவு செய்த முதல் ஆண்டிலேயே தமிழாசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகச் சென்று, பதினொரு மூதாட்டிகளிடமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கைப்பேசியில் பதிந்து வந்தார். பாடல்களில் விளங்காத சொற்கள் பல இருந்தன. மறுபடி போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தார். பதினொருவரில் நால்வர் இன்று உயிரோடு இல்லை. கடன் தவணையைத் தள்ளி வைத்தால் வட்டி சேரும்; அவ்வளவுதான். அந்தச் சொற்களைக் கேட்டறிய இனி ஆளில்லை.

o

குறிக்கோள்களை வகுப்பதில் எங்களுக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. வங்கியின் பயிற்சி வகுப்பொன்றில் ‘ஸ்மார்ட்’ முறையைக் கற்பித்தார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளும் ஐந்து இலக்கணங்கள். குறிக்கோள் திட்டவட்டமானதாக, அளக்கத்தக்கதாக, எட்டக்கூடியதாக, பொருத்தமானதாக, காலவரையறை உடையதாக இருக்க வேண்டும். எங்கள் டைரி வரிகள் பலவும் இந்த அச்சில் வார்த்தவையே.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் பார்த்தபோது ஒரு செய்தி தெரிய வந்தது. ஜார்ஜ் டோரன் என்பவர் 1981ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு நிர்வாகவியல் இதழில் எழுதிய கட்டுரையில் இந்த ஐந்தெழுத்தை முன்வைத்தார். அதில் மூன்றாம் எழுத்துக்குப் பொருள் ‘எட்டக்கூடியது’ அன்று. இந்த வேலையைச் செய்யப் போவது யார் என்று குறிப்பிடப்பட வேண்டும் என்பதே அதன் பொருள். பின்னாளில் கைமாறிக் கைமாறி வருகையில், ‘யார்’ என்ற அந்தக் கேள்வி பல வகுப்புகளில் உதிர்ந்து, அதே எழுத்தில் தொடங்கும் வேறொரு சொல் அவ்விடத்தில் அமர்ந்துவிட்டது. எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது உதிர்ந்த பின் எஞ்சிய வடிவம். எங்கள் பதின்மூன்று டைரிகளிலும் இல்லாமற் போனதும் அந்த ஒரு கேள்விதான்.

o

வங்கிக்காரருக்கு 2013இல் ஒரு வழிகாட்டி கிடைத்தார்: ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப். 1834இல் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து 1867 வரை அங்கேயே உத்தியோகம் பார்த்தவர். பிரிட்டனின் அஞ்சல் பெட்டிகள் 1852இல் முதன்முதலாக ஜெர்சித் தீவில் நிறுவப்பட்டதற்கும் அவரே காரணர். இவ்வளவுக்கும் நடுவே 47 நாவல்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல், வெளியான தன்வரலாற்றில் இந்த விந்தையின் சூத்திரத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள். கலையைக் கடிகாரத்தால் அளந்தவர் என்று அவருடைய இலக்கிய மதிப்பு அந்நூலுக்குப் பின் சரிந்தது என்பார்கள். எங்களுக்கோ அந்தக் கடிகாரமே பிடித்திருந்தது. உத்தியோகமும் பார்த்து, ஆசைப்பட்டதையும் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

அந்த ஆண்டு முதல் எங்கள் வீட்டில் விளக்கு நாலரைக்கு எரியத் தொடங்கியது. நாலரையிலிருந்து ஆறரை வரை வங்கித் தேர்வுக்கான படிப்பு. ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்தாலும் அறுநூறு மணி நேரம். தேர்வுகள் தேறின, பதவி உயர்வும் வந்தது. காரணம் விடாமுயற்சி என்று நாங்கள் உளமார நம்பினோம். மகளுக்கும் அவ்வாறே சொல்லிக் கொடுத்தோம்.

டைரிகளைக் கண்டெடுத்த வாரத்தில் ட்ரோலப்பின் தன்வரலாற்றை மறுபடி எடுத்தோம். முன்பு கண் தாண்டிப்போன சில வரிகள் அங்கே இருந்தன. அவரை விடியலில் எழுப்பக் குதிரைகளைப் பராமரிக்கும் வயதான பணியாள் ஒருவர் இருந்தார். அந்தக் கூடுதல் வேலைக்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதல் ஊதியம். வால்தம் கிராஸில் வாழ்ந்த ஆண்டுகள் முழுவதிலும் அந்த முதியவர் ஒரு நாளும் காப்பியோடு தாமதமாக வந்ததில்லையாம். தம்முடைய வெற்றிக்கு வேறு எவரையும்விட அவருக்கே தாம் அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்கிற பொருளில் ட்ரோலப் எழுதியிருக்கிறார். ரயிலில் அவர் பென்சிலால் எழுதியதையெல்லாம் பின்னர் நகல் எடுத்தவர் மனைவி என்பதும் அதே நூலில் உண்டு.

ஐந்தரைக்குக் காப்பி வர வேண்டுமென்றால் அந்த முதியவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? 2013இல் எங்களுக்குத் தோன்றாத கேள்வி இது. தோன்றியதும் இருவரும் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். நாலரை மணிக்கு எங்கள் மேசைக்கு வந்த காப்பி நினைவுக்கு வந்துவிட்டது.

o

அந்தக் காப்பியை முதல் ஆறு ஆண்டுகள் போட்டவர் வங்கிக்காரரின் தாயார். மகன் படிக்கிறான் என்று நாலு மணிக்கே எழுந்து டிகாக்‌ஷன் இறக்குவார். மூட்டு வலி கூடி, இருட்டில் ஒருமுறை தடுக்கி விழுந்த பிறகு அந்த வேலை தமிழாசிரியையிடம் வந்தது. எவரும் ஒப்படைக்கவில்லை, அது தானாக வந்து சேர்ந்தது. எழுந்ததுதான் எழுந்தோம் என்று காய் நறுக்கி, இட்லி ஊற்றி, மகளுக்குச் சடை பின்னி, ஏழரைப் பேருந்தைப் பிடிப்பார். ஆய்வேட்டுக்கென்று அவர் ஒதுக்கியிருந்ததும் அதே விடியற்காலைதான். வீட்டில் ஒரு விடியற்காலைதான் இருந்தது. அதை ‘நாங்கள்’ பயன்படுத்திக்கொண்டோம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை 289, 88 ஆயின. இந்த எண்களை நாளிதழில் பார்த்தபோது நாட்டின் நிலையை எண்ணி வருந்தினோம். சொந்த வீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பணிக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை வேண்டும் என்று இப்போதெல்லாம் எங்கும் பேசப்படுகிறது. அங்கே பேசப்படும் தராசின் இரு தட்டுகளும் ஒரே மனிதருடையவை: அவருடைய அலுவலகம், அவருடைய ஓய்வு. குடும்பத்தில் தராசு அப்படி அமைவதில்லை. ஒருவருடைய தட்டு சமநிலையில் நிற்பதற்கு மற்றொருவருடைய தட்டிலிருந்து எடுத்து வைக்கிறோம். எடுப்பது அன்பினால் என்றும் இருக்கலாம். ஆனால் எடுத்ததை எங்காவது எழுதி வைக்க வேண்டும். ட்ரோலப் ஐந்து பவுண்டு கொடுத்தார், நூலிலும் எழுதினார். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

அந்தப் பொங்கலன்று அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தோம். பதின்மூன்று ஆண்டுகளில் அவரிடம் கேட்டதே இல்லை. “அத்தை, இந்த வருஷம் உங்களுக்கு என்ன ஆசை?” என்று கேட்டபோது ராமேசுவரம் என்பார், காசி என்பார் என்றுதான் நினைத்தோம். அவர் யோசிக்கவே இல்லை.

“காலையில ஆறு மணி வரைக்கும் யாரும் எழுப்பாம படுத்திருக்கணும். இப்பவும் நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் தூக்கமே வர்றதில்ல.”

பழக்கிவிட்டவர்கள் நாங்கள். அதைத் திருப்பிக் கொடுக்கும் வழி எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே டைரியின் முதல் வரியாக எழுதிக்கொண்டோம்.

o

அதே ஆண்டு வங்கியில் அடுத்த பதவி உயர்வுக்கான அறிவிப்பு வந்தது. கிடைத்தால் பெரும்பாலும் வெளிமாநிலப் பணியிடம்தான். மறுபுறம் ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குப் பல்கலைக்கழகம் அளித்திருந்த இறுதிக் கெடு பதினெட்டு மாதங்கள். இம்முறை விண்ணப்பிக்கப் போவதில்லை என்று வங்கிக்காரர் அறிவித்தார். பாராட்டை எதிர்பார்த்தே அறிவித்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிடைத்தது வேறு.

“எனக்காகன்னு சொல்லாதீங்க. நாளைக்கு ஆய்வேடு முடியலேன்னா அந்தக் கடனையும் நான்தானே சுமக்கணும்?”

அதற்குப் பின் ஒரு வாரம் வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. விட்டுக்கொடுத்தல் என்பதும் குறிக்கோளைப் போலவே ஒருவர் பெயரில் எழுதி மற்றவர் கணக்கில் வசூலிக்கப்படக்கூடியது என்பது புரிய அந்த ஒரு வாரம் தேவைப்பட்டது. பிறகு வங்கிக்காரர் தம் காரணங்களைத் தாமே எழுதிப் பார்த்தார். மகளின் படிப்பு, தாயாரின் முட்டி, தம்முடைய இரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பதவியை விரும்பியதற்கான காரணம் என்று எழுதியபோது, உடன் சேர்ந்தவர்கள் போய்விட்டார்கள் என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. விண்ணப்பிக்காமல் இருக்கும் முடிவு அவருடையது, அவர் பொறுப்பில் என்று பேசி முடித்தோம்.

அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டாண்டு இளையவர் ஒருவர் இப்போது மண்டல அலுவலகத்தில் மேலதிகாரியாக அமர்ந்திருக்கிறார். அவரிடமிருந்து சுற்றறிக்கை வரும் நாட்களில் வீடு திரும்பும் முகம் வேறாகத்தான் இருக்கிறது. இதற்கு ஈடாக இன்னொன்று கிடைத்துவிட்டது என்று கணக்குக் காட்ட நாங்கள் விரும்பவில்லை. இழப்பு இழப்புதான், இம்முறை இழந்தவர் பெயர் டைரியில் இருக்கிறது.

டைரியின் முதல் பக்கம் இப்போது மாறியிருக்கிறது. குறிக்கோள்கள் குறைந்துவிட்டன, மூன்றோ நான்கோதான். ஒவ்வொன்றின் எதிரிலும் புதிதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறோம்: இதற்கு வேண்டிய நேரம் யாருடையது? அந்தக் கட்டத்தில் ‘நாங்கள்’ என்று எழுதுவதில்லை என்பது உடன்பாடு. பெயரைத்தான் எழுத வேண்டும். பெயரை எழுதியதுமே சில குறிக்கோள்களை அடித்துவிட நேர்ந்தது. மகளின் பாட்டு வகுப்பு, அழைத்துச் செல்ல ஆள் குறிக்கப்பட்ட பிறகே உள்ளே வந்தது.

நாலரை மணிக்கு விளக்கு இன்னமும் எரிகிறது. மேசையில் இருப்பவர் தமிழாசிரியை. இரண்டு இயல்கள் முடிந்து மூன்றாவது நடக்கிறது. எஞ்சிய எழுவரில் ஐவரைச் சென்ற விடுமுறையில் மறுபடி பார்த்து வந்தார். விளங்காத சொற்களில் சில விளங்கின. பலவற்றுக்கு அடிக்குறிப்பில் ‘பொருள் அறியக்கூடவில்லை’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். கெடுவுக்குள் முடியுமா என்பது இதை எழுதும்போது எங்களுக்கு உறுதியில்லை.

காப்பி போடுவது வங்கிக்காரர். அம்மா நாலு மணிக்கே விழித்துக்கொண்டு, ஆறு மணி வரை எழுந்திருப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு படுத்தபடியே, அடுக்களைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். டிகாக்‌ஷன் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், அதற்குள் என்ன அவசரம் என்று அங்கிருந்தே குரல் வருகிறது.