சத்திரப்பட்டித் துணியும் கன்னித்தீவுக் கப்பலும்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியை நெருங்கும்போது, தறிச் சத்தம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே வெளுத்த துணியின் வாசம் வந்துவிடும், பிளீச்சிங் பவுடரின் காரமும் ஈரநூலின் மணமும் வெயிலில் ஒன்றாக எழுந்து மூக்கில் ஏறும், ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியை நெய்கிற ஊர் இது என்பது நினைவுக்கு வருவதற்குள் எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்து நின்றுவிடும்.

அந்த வாசம் பாட்டியின் திண்ணையைச் சேர்ந்தது. மில் சங்கு ஊதியதும் காலை வேலையை முடித்து, வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு, பேண்டேஜ் துணியை நீளம் பார்த்து நறுக்கி, பிசிறு நீக்கி, இறுக்கமாகச் சுருட்டி அடுக்குவாள், சுண்ணாம்பு தொட்ட விரல் மட்டும் துணியில் படாமல் விலகியே நிற்கும். எதிர்ப் பொட்டலில் காயப்போட்ட துணிகளுக்குள் ஆடிக் காற்று புகுந்துவிட்டால் அத்தனையும் உப்பி எழும், எங்களுக்கு அவை பாய்மரங்கள். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் சஞ்சீவி மலை, நடுவில் பஞ்சும் மாம்பழமும் விளைந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டியது அந்த ஒரு படம்தான்.

படம் வெளிவந்தது 1965 ஜூலையில், நான் பார்த்ததோ பல ஆண்டுகள் கழித்து, ஊர் ஊராகச் சுற்றிக் கீறல் விழுந்த பிரதியை. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய், நிலைக்கு வந்த தேரைக் கும்பிட்டு, பால்கோவா கிண்டும் விறகடுப்புப் புகையும் சுண்டிய பாலின் வாசமும் நிறைந்த தெருவைக் கடந்து, ஊர்க்கோடியில் இருந்த கீற்றுக் கொட்டகைக்குத் தாத்தா அழைத்துப் போனார். சாமி பாட்டு போட்டதும் டிக்கெட் கொடுப்பார்கள், மணலைக் காலால் நிரவித் துண்டை விரித்து, மடியிலிருந்த பொடி மட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார், பின்னாலிருந்து வரும் ஒளிக்கற்றை பீடிப்புகையில் நீலமாகச் சுருண்டு போகும், மலைக்காற்று வந்து திரையை அசைக்க, ஈஸ்ட்மென் கலரில் விரிந்த கடலும் அதில் மிதந்த கப்பலும் நிஜமாகவே ஆடின. அது கார்வார் கடற்கரைப் பக்கம் எடுத்தது என்பதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது.

நெய்தல் நாட்டு வைத்தியன் மணிமாறன், காயம்பட்ட கலகக்காரர்களுக்கு மருந்திட்ட குற்றத்துக்காக அடிமையாகிக் கன்னித்தீவுக்குப் போகிறான், அங்கே பூங்கொடியாக ஜெயலலிதா, எம்.ஜி.ஆரோடு அவர் நடித்த முதல் படம், தீவிலிருந்து தப்பினால் கடலில் கொள்ளைக்காரர் தலைவனாக நம்பியார் காத்திருக்கிறார். நம்பியார் திரையில் வந்ததுமே பெண்கள் பக்கமிருந்து, “நாசமாப் போவான்” என்று கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள், பையன்களோ வாள்கள் எப்போது உரசும் என்று முழங்காலில் எழுந்து நிற்போம். தாத்தா அதற்கெல்லாம் அசையமாட்டார், மணிமாறனுக்குத் தண்டனை சொன்ன இடத்தில் மட்டும் பொறுக்க முடியாமல், “காயம் பட்டவன் எந்தக் கட்சின்னு கேட்டுக்கிட்டாடா வைத்தியம் பாக்க முடியும்?” என்று என்னிடம் கேட்டார், எட்டு வயதுக்காரனிடம் பதில் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் உலகமே தீவாகிவிட்டது. டீக்கடைப் பெஞ்சில் பெரியவர்கள் தாள் தாளாகப் பிரித்துப் படிக்கும் தினத்தந்தியில், 1960 முதல் வந்துகொண்டிருந்த சிந்துபாத் கதையின் பெயரும் கன்னித்தீவு, எங்களுக்கு இரண்டு தீவும் ஒன்றே. சிவகாசியிலிருந்து 1972இல் கிளம்பிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியையும் மணிமாறனின் கப்பலில் ஏற்றிக்கொண்டோம். அய்யனார் கோவில் ஓடையில் தண்ணீர் வந்த நாட்களில் பாறைதான் கப்பல், வேப்பங்குச்சிதான் வாள், முட்டி பெயர்ந்து வீட்டுக்கு வந்தால் பாட்டி திட்டிக்கொண்டே, சுருட்டிவைத்த துணியில் ஒரு சாண் கிழித்துக் கட்டுவாள், வாய் திட்டுவதும் கை மெதுவாகக் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

வளர்ந்தபின் படத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ‘கப்பலோட்டிய தமிழ’னையும் ‘கர்ண’னையும் சிவாஜியை வைத்துத் தந்த பி.ஆர்.பந்துலு எம்.ஜி.ஆரை வைத்து இயக்கிய முதல் படம் இது, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையரின் கூட்டும் இதோடு அப்போது முடிந்தது. கதையின் எலும்புக்கூடு, சபாட்டினியின் 1922ஆம் ஆண்டு நாவலிலும் எரால் ஃப்ளின் நடித்த 1935ஆம் ஆண்டுப் படத்திலும் வரும் ‘கேப்டன் பிளட்’டை ஒத்தது, அங்கும் நாயகன் மருத்துவனே. தாத்தா அதையெல்லாம் அறியாதவர், ஆனாலும் கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தபடியே தொட்டுவிட்டார்.

இன்றைக்கு அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் வீடுகள், பாட்டியின் திண்ணையை இடித்துக் கடை கட்டியாகிவிட்டது, டிவியில் படம் வரும்போது விளம்பரங்களுக்கு நடுவே கப்பல் துண்டுதுண்டாக வந்து போகிறது, வீட்டுப் பிள்ளைகள் சண்டைக்கு மட்டும் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குள் குனிகிறார்கள். 2014 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது சென்னையில் வெள்ளிவிழா கண்டது என்ற சேதி மட்டும் ஆறுதல். ஆனால் இப்போது சத்திரப்பட்டி வாசம் மூக்கில் ஏறும்போது நான் நினைப்பது வாளை இல்லை, யாரோ முகம் தெரியாத ஒருவரின் காயத்துக்காக இந்த ஊர் நெய்துகொண்டே இருக்கிறதே, அதைத்தான்.

அந்த வாள்சண்டைக்காகவும், கப்பல் தளத்தில் அடிமைகள் விடுதலையைக் கனவு கண்டு பாடும் பாட்டுக்காகவும் இந்தப் படம் இன்னும் பல காலம் நிற்கும், ஆனால் அதன் முதல் சாகசம் அவற்றுக்கெல்லாம் முன்னால், ஒரு வைத்தியன் யார் என்று கேட்காமல் காயத்தைக் கட்டிய இடத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டுங்கள், அந்த இடத்தை ஓட்டிவிடாமல் காட்டுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள்.